கேட்காமல் செய்த சத்தியம்

அக்கரைப்பற்று
03.07.2024

தம்பி றாஸிக்,

அஸ்ஸலாமு அலைக்கும். ஸலாம் சொல்லாமல் கடிதம் தொடங்க மனம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். உன்னோடு கூடப்பிறந்த இந்த ராத்தாவின் கோபம் ஆறிவிட்டது என்று அதை வைத்துக் கணக்குப் போட்டுவிடாதே.

போன வருடம் பங்குனியில், உன் மனைவி ஆகிலா பார்த்திருக்க, உன் வாசலில் நின்று, இனி என் வாயால் உன்னோடு கதைக்க மாட்டேன் என்று அல்லாஹ்வின் பெயரால் சத்தியம் பண்ணிவிட்டு வந்தேன். அது அப்படியே இருக்கிறது. எழுத மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. போனில் எழுதினால் நீ குரலில் பதில் அனுப்புவாய். உன் குரல் எனக்கு வேண்டாம். அதற்காகவே எத்தனையோ வருடத்துக்குப் பிறகு தபால் கந்தோருக்குப் போய் முத்திரை வாங்கினேன். "இந்தக் காலத்தில ஆருக்கு ராத்தா கடிதம்?" என்று அங்கிருந்த பிள்ளை சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். உன் மனைவியின் தம்பி றிஸ்கான் தன் நெல் வெட்டு மெசினை விற்கப் போகிறானாம். நேற்று ஒரு தரகரை என் வீட்டுக்கே அனுப்பியிருந்தான். "வெளிய குடுக்க அவருக்கு மனமில்ல. ஒறவுக்குள்ள போகட்டும் எண்டாரு" என்று அந்த மனிதர் தேன் ஒழுகக் கதைத்தார்.

எந்த மெசின் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்கிறேன், நீ மறந்திருந்தால் ஞாபகம் வரட்டும். இரண்டு வருடத்துக்கு முன் கார்த்திகையில் அது இறக்காமத்தில் ஒரு முதலாளியின் வளவில் தறப்பாள் மூடிக் கிடந்தது. நானும் என் கணவரான உன் மச்சான் காலிதீனும் உன்னைக் கூட்டிப் போய்க் காட்டினோம். இருபது வருடம் மற்றவர்களின் மெசினில் ஏறி நெல் வெட்டிய மனிதர், சொந்தமாக ஒன்று எடுக்க ஆசைப்பட்டார். நீ எஞ்சினுக்குக் கீழே படுத்தாய், டோர்ச் அடித்தாய், ஒயிலில் விரலை நனைத்து முகர்ந்தாய். எழும்பி வந்து சொன்னாய்.

"ராத்தா, புளொக் வெடிச்சிரிக்கி. அதுதான் எஞ்சிண்ட ஒடம்பு. ரிங் போனா மாத்தலாம், பிஸ்டன் போனா மாத்தலாம். ஒடம்பு வெடிச்சா ஒண்டும் செய்யேலா. வல்லாஹி, வாங்காதீங்க."

சத்தியம் பண்ணச் சொல்லி உன்னை யாரும் கேட்கவில்லை. நீயாகவே பண்ணினாய். என் தம்பி, அதுவும் மெக்கானிக், அதுவும் அல்லாஹ்வின் மேல் ஆணையிட்டுச் சொல்கிறான். அதற்கு மேல் என்ன வேண்டும்? உன் மச்சான் பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்தார். நாற்பத்தெட்டு வயதில், ஒரு அரபியின் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் ஏற்றி இறக்க கட்டாருக்குப் போனார்.

அவர் போய் இரண்டு மாதத்தில் மாரி வெள்ளாமை வெட்டு வந்தது. எங்கள் வயலுக்குப் பக்கத்து வயலில் அதே மெசின் ஓடுகிறது! நெல்லுத் தொட்டியில் இருந்த நசுங்கல் கூட மாறவில்லை. ஓட்டியவனைக் கேட்டேன். "சாய்ந்தமருது றிஸ்காண்ட. ரிங் மட்டுந்தான் போயிருந்த. அவர்ர மச்சான்காரர் ரெண்டு நாளையில செஞ்சி குடுத்திட்டாரு" என்றான்.

அந்த மச்சான்காரர் நீ.

இப்போது கேட்கிறேன். உன் மச்சானின் ஒன்றரை வருட ஒப்பந்தம் இந்த மாதம் முப்பத்தோராம் திகதி முடிகிறது. மெசின் இருந்தால் அதைப் புதுப்பிக்கக் கையெழுத்துப் போடாமல் வந்துவிடுவார், சிறுபோக வெட்டுக்கே ஓட்டுவார். இல்லாவிட்டால் இன்னும் இரண்டு வருடம். எஞ்சின் புகைக்கிறது, வேலை இருக்கிறது என்று தரகரே ஒப்புக்கொள்கிறார். செய்யக்கூடிய வேலையென்றால் செய்விப்பேன். வேறு ஏதும் உள்ளே இருக்கிறதா? அதன் வயிற்றுக்குள் கை விட்டவன் நீ ஒருவன்தான். வாங்கலாமா, வேண்டாமா? அதை மட்டும் எழுது.

ஸுஹைறா


சாய்ந்தமருது
08.07.2024

அன்புள்ள ராத்தாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். உறையில் உங்கள் எழுத்தைக் கண்டதும் அதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன். ஆகிலா கேட்டதற்கு வங்கியிலிருந்து வந்த கடிதம் என்று சொல்லிவிட்டேன். பாருங்கள், உங்கள் கடிதத்தைப் படிக்கவே ஒரு பொய் சொல்ல வேண்டியிருக்கிறது.

நீங்கள் எழுதியது எல்லாம் சரி. ஆனால் உங்களிடம் ஒரு பக்கம்தான் இருக்கிறது. என் பக்கத்தை யார் கேட்டார்கள்? ராத்தாவுக்கு வீடு இல்லாமல் மாப்பிள்ளை வராது என்று வாப்பா சொன்னபோது எனக்கு இருபத்திரண்டு வயது. ஆறு வருடம் சவூதியில், தம்மாமில் லொறிகளுக்குக் கீழே கிடந்தேன். நீங்கள் படுத்துறங்கும் அறையின் நிலைக்கதவு என்னுடைய இரண்டாவது வருடம். நீங்கள் சமைக்கும் குசினி நாலாவது வருடம். ஓடு போட்டு முடித்த பிறகுதான் எனக்குப் பெண் பார்த்தார்கள். எனக்கு அதில் குறை இல்லை, தம்பியாகப் பிறந்தவன் செய்ய வேண்டியதுதான். ஆனால் அதன் பிறகு நான் எங்கே போனேன்? ஆகிலாவின் வீட்டுக்கு. வீடு அவளுடையது. கராஜ் இருக்கிற நிலம் றிஸ்கானுடையது. என் கையில் இருப்பது ஸ்பனர் மட்டும்தான், ராத்தா.

இறக்காமம் போவதற்கு முந்திய நாள் நான் வாய் தவறி றிஸ்கானிடம் மெசினைப் பற்றிச் சொல்லிவிட்டேன். "மச்சான், அத நாம எடுப்பம். ராத்தாக்கு வேணாம் எண்டு சொல்லிருங்க" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். சொல்லிவிட்டு கராஜின் கூரையை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தான். எனக்கு விளங்கிவிட்டது. நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

மச்சானை கட்டாருக்கு அனுப்ப வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. வேறு மெசின் பார்ப்பார் என்றுதான் நினைத்தேன்.

சரி, கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். வாங்காதீர்கள். இப்போது உண்மையிலேயே புளொக் வெடித்திருக்கிறது. வல்லாஹி, இது பொய்யில்லை.

உங்கள் தம்பி
றாஸிக்


அக்கரைப்பற்று
12.07.2024

றாஸிக்,

உன் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். முதல் தடவை அழுகை வந்தது. தம்மாம் கதை எனக்குத் தெரியாததில்லை. அந்த நிலைக்கதவுக்குப் பூச்சுப் பூசும்போதெல்லாம் உனக்கு துஆ செய்கிறவள் நான். உன் வாசலில் சத்தியம் பண்ணிவிட்டு வந்த பிறகும் செய்தேன். இரண்டாம் தடவை வாசித்தபோது அழுகை நின்றுவிட்டது. மூன்றாம் தடவை வாசித்துவிட்டுப் பேனையை எடுத்தேன்.

வீடு கட்டித் தந்ததற்குக் கூலியாகவா என் கண்ணில் மண்ணைத் தூவினாய்? அப்படியென்றால் அன்றைக்கே சொல்லியிருக்கலாமே. "ராத்தா, இந்த மெசின விடுங்க, எனக்கு அங்க இரிக்கேலாமப் போயிரும்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் விட்டிருக்க மாட்டேனா? உன் மச்சானும் விட்டிருப்பார். கேட்டுவாங்க வேண்டியதை நீ ஏமாற்றி எடுத்தாய்.

இப்போது எழுதுகிறாய், வாங்காதீர்கள், புளொக் வெடித்திருக்கிறது, வல்லாஹி. அதே மூன்றும். வரிசை மட்டும்தான் மாறியிருக்கிறது. அன்றைக்கு அது பொய். இன்றைக்கு அது உண்மை என்று நான் எதை வைத்து நம்ப?

நேற்று நானே போய்ப் பார்த்தேன். றிஸ்கானின் வீட்டுக்குப் பின்னால் மாமரத்தடியில் நிறுத்தியிருக்கிறார்கள். குடிக்க நெஸ்டமோல்ட் போட்டுத் தந்தான், ராத்தா ராத்தா என்று உருகினான். என் முன்னால் அரை மணித்தியாலம் ஓட்டிக் காட்டினான். புகைதான். மற்றபடி ஒரு சொட்டுத் தண்ணீர் நிலத்தில் விழவில்லை. நான் குனிந்து பார்த்தேன். வெடித்த எஞ்சினில் தண்ணீர் ஒழுகும் என்று இறக்காமத்தில் சொல்லித் தந்தவன் நீதானே?

நீ புளொக் வெடித்திருப்பதாகச் சொன்னதை நான் அவனிடம் சொல்லவில்லை. அவனாகவே சொன்னான். "றாஸிக் மச்சான் ஏதும் சொன்னா காதில போடாதீங்க ராத்தா. மெசின் போனா அவருக்கு வேல கொறஞ்சிரும், அந்தக் கவல" என்றான். இப்போது எனக்கு இரண்டு பேர் சொல்வதும் ஒரே மாதிரித்தான் கேட்கிறது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை இல்லை, அதற்கடுத்த ஞாயிறு, இருபத்தோராம் திகதி, முற்பணத்தோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அதற்குள் உன்னிடம் சொல்வதற்கு ஏதும் இருந்தால் சொல். சத்தியம் மட்டும் வேண்டாம். உன் சத்தியத்தில் நான் ஏற்கெனவே ஒரு தடவை வழுக்கி விழுந்தேன்.

ஸுஹைறா


சாய்ந்தமருது
15.07.2024

ராத்தா,

முற்பணம் கொடுக்காதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அதை எழுத முடியாது. எழுதினால் நான் மட்டும் அல்ல, ஆகிலாவும் பிள்ளைகளும் நடுத்தெருவில் நிற்க வேண்டி வரும். அரை மணித்தியாலம் ஓடுவதும் வயலில் ஓடுவதும் ஒன்றல்ல என்று மட்டும் சொல்கிறேன். ஒரு மாதம் தள்ளிப் போடுங்கள். மச்சான் கையெழுத்துப் போடட்டும், அடுத்த வருடம் நல்ல மெசின் ஒன்று நானே தேடித் தருகிறேன்.

குர்ஆனைத் தொட்டு எழுதுகிறேன், ராத்தா. இதற்கு மேல் நான் என்ன செய்ய?

றாஸிக்


அக்கரைப்பற்று
17.07.2024

குர்ஆனை அதன் இடத்தில் வை. அதைத் தொட முன் கை கால் கழுவி வுழூ எடுத்தாயோ தெரியாது.

இதற்கு மேல் என்ன செய்ய என்று கேட்கிறாய். சத்தியத்தை விட்டுவிட்டு விஷயத்தைச் சொல் என்றுதான் போன கடிதத்தில் கேட்டேன். அதற்கு நீ இன்னும் பெரிய சத்தியமாகக் கொண்டுவருகிறாய். நீ எழுதும் சத்தியம் கூடக் கூட எனக்குள் சந்தேகம் கூடுகிறது. அன்றைக்கும் அப்படித்தான். ஒன்றும் இல்லாத இடத்தில்தான் நீ அல்லாஹ்வை இழுத்தாய்.

நேற்று உன் மச்சான் போன் எடுத்தார். "என்ன புள்ள, டிக்கட்டப் போடவா?" என்று கேட்டார். அவர் இப்படிச் சிரித்துக் கதைத்து நான் கேட்டு எவ்வளவு காலம். "போடுங்க" என்று சொல்லிவிட்டேன். என் இளைய மகன் அப்போதே வீட்டுக்கும் வாசல் கேட்டுக்கும் ஓடத் தொடங்கிவிட்டான், வாப்பா நாளைக்கே வருகிற மாதிரி.

நீ வேண்டாம் என்று சொன்னது ஒரு தடவை எங்கள் வாழ்க்கையைக் கெடுத்தது. இந்தத் தடவை நான் உன் பேச்சுக்கு எதிராக நடந்து பார்க்கப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அங்கே இருப்பேன். அடுத்த வளவுதானே, விருப்பமென்றால் நீ கராஜுக்குள் இருந்து எட்டிப் பார்.

ஸுஹைறா


சாய்ந்தமருது
19.07.2024 வெள்ளி, ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு

ராத்தா,

தபாலில் போட்டால் திங்கட்கிழமைதான் கிடைக்கும். அதனால் அக்கரைப்பற்று பஸ் கொண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன், உங்கள் சந்திக் கடையில் ஒப்படைப்பார்.

மாசி மாதம் மாரி வெட்டில் றிஸ்கான் இரவு பகல் பார்க்காமல் மெசினை ஓட்டுவித்தான். ரேடியேட்டரில் பதர் அடைத்து எஞ்சின் கொதித்தது. ஆற விட்டிருக்க வேண்டும். அடுத்த வயல்காரன் காத்திருக்கிறான் என்று ஓட்டியவன் வாய்க்காலில் தண்ணீர் அள்ளி எஞ்சின் மேல் ஊற்றிவிட்டான். கொதித்த இரும்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் என்ன நடக்கும்? புளொக் வெடித்தது. ஒரு சாண் நீளம்.

நான்கு மாதம் சும்மா கிடந்தது. போன மாதம் றிஸ்கான் கேட்டான், "மச்சான், பாக்கிற ஆளுக்கு தெரியாம ஒட்டேலுமா?" ஏலும் என்றேன். இரும்புத்தூள் கலந்த பசையை வெடிப்பில் அடைத்து, காய விட்டு, அரத்தால் மட்டம் பிடித்து, பிறகு தண்ணீர் தொட்டு அரத்தாளால் தேய்த்தேன். பச்சைப் பூச்சு அடித்தேன். புதுப் பூச்சு மினுங்கியது. மினுக்கம் போக டீசலையும் புகைக்கரியையும் குழைத்துத் தடவினேன். மூன்று நாள் வேலை. மரத்தடியில் அரை மணித்தியாலம் ஓட்டினால் தாங்கும். வயலில் இறக்கி இரண்டு மணித்தியாலம் வெட்டினால் பசை இளகும், தண்ணீர் முழுக்க இறங்கும், எஞ்சின் இறுகி நின்றுவிடும். பிறகு அது பழைய இரும்பு விலைக்குத்தான் போகும்.

ஒட்டும்போது யாருக்கு விற்கப் போகிறான் என்று எனக்குத் தெரியாது என்றுதான் முதலில் எழுதினேன். அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். தெரியும். "ஒங்கட ராத்தாட தலையில கட்டிருவம், அவக்கு இந்த மெசின்ல ஒரு கண்ணு" என்று சொல்லித்தான் அவன் என்னிடம் வேலையைத் தந்தான். நான் பசையைக் குழைத்தேன். நீங்கள் என்னோடு கதைக்காமல் இருந்த கோபமும் எனக்குள் இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

நீங்கள் என்னை நம்பத் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை அங்கே வந்ததும் எஞ்சினின் இடது பக்கம் போங்கள். டீசல் குழாய்கள் நாலு வரும். இரண்டாவது குழாய்க்கு நேர் கீழே, ஒரு சாண் இறக்கத்தில், கூரான எதையாவது வைத்துக் கீறுங்கள். இரும்பென்றால் வெள்ளையாக மினுங்கும். பசையென்றால் சாம்பல் தூள் உதிரும்.

அவ்வளவுதான்.

றாஸிக்


அக்கரைப்பற்று
04.08.2024

தம்பி,

உன் கடிதம் சனிக்கிழமை மாலை மஃரிபுத் தொழுகைக்கு முன் கிடைத்தது. அதில் எங்காவது வல்லாஹி இருக்கிறதா என்று முதலில் தேடினேன். இல்லை. பயந்துபோனேன். இரண்டு வருடத்தில் நீ சத்தியம் இல்லாமல் எனக்குச் சொன்ன முதல் விஷயம் அதுதான்.

ஆனாலும் போனேன். கைப்பைக்குள் முற்பணமும் இருந்தது. கீறினால் வெள்ளையாக மினுங்க வேண்டும், இது றாஸிக்கின் இன்னொரு பொய்யாக இருக்க வேண்டும் என்று பஸ்ஸில் வழியெல்லாம் துஆ கேட்டுக்கொண்டு போனேன். தம்பி பொய்யனாக இருக்கட்டும் யா அல்லாஹ் என்று கேட்ட ராத்தா உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

றிஸ்கான் தேத்தண்ணி கொண்டுவர உள்ளே போன நேரம், முக்காட்டில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றி, நீ சொன்ன இடத்தில் கீறினேன். சாம்பல் தூள். பக்கத்தில் ஒரு இடத்தைக் கீறினேன், வெள்ளையாக மினுங்கியது. திரும்பவும் உன் இடத்தைக் கீறினேன். தூள் நகத்துக்குள் போய்விட்டது.

நல்ல வேலை, தம்பி. கண்ணுக்கும் தெரியவில்லை, கைக்கும் தெரியவில்லை. தடவிப் பார்த்தேன், மற்ற இடத்தை விட அதுதான் வழுவழுப்பாக இருந்தது. என்னை ஏமாற்றுவதற்காக மூன்று நாள் குனிந்திருந்து எவ்வளவு பக்குவமாகத் தேய்த்திருக்கிறாய் என்று நினைத்தபோதுதான் கீறுவதை நிறுத்தினேன். அன்றைக்கு இறக்காமத்தில் நீ றிஸ்கானுக்குப் பயந்து பொய் சொன்னாய் என்று என் மனதை ஒரு மாதிரித் தேற்றிக்கொள்ளலாம். இதைச் செய்ய மூன்று நாள் இருந்தது உனக்கு.

றிஸ்கான் தேத்தண்ணியோடு வந்தான். "எனக்கு வேணாம், தம்பி" என்று சொல்லிவிட்டு எழும்பினேன். "ஏன் ராத்தா, ஏதும் கண்டீங்களா?" என்றான். ஊசி கையில் இருந்தது, அதைக் கண்டுவிட்டான். உன் பெயரை நான் சொல்லவில்லை. சொல்லவும் தேவைப்படவில்லை. அந்த இடம் எது என்று தெரிந்தவர்கள் இரண்டு பேர்தானே. கராஜுக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்கள் என்று போன கிழமை கேள்விப்பட்டேன். ஆகிலா பிள்ளைகளை நினைத்துக் கவலைப்பட்டேன். உன்னை நினைத்து என்ன படுவது என்று எனக்கு விளங்கவில்லை.

உன் மச்சான் முப்பதாம் திகதி கையெழுத்துப் போட்டார். டிக்கட்டை ரத்துச் செய்துவிட்டு, "பறவாயில்ல புள்ள, ரெண்டு வருசம்தானே" என்றார். இளையவனுக்கு நான்தான் சொன்னேன். உன் பொய் அவரை ஒரு தடவை அனுப்பியது, உன் உண்மை இன்னொரு தடவை அனுப்பிவிட்டது. உண்மைக்கு நான் நன்றி சொல்ல வேண்டும், சொல்கிறேன். மூன்றாம் திகதி எழுதிக் கேட்டதற்கு எட்டாம் திகதியே அதைச் சொல்லியிருந்தால் அவர் டிக்கட் போட்டிருக்க மாட்டார், பிள்ளை கேட்டுக்கு ஓடியிருக்க மாட்டான்.

வெட்டுக்குக் கூலி மெசின் ஒன்று பேசியிருக்கிறேன். ஓட்டுகிறவர் உகணைப் பக்கத்து ஆள், முன்பின் தெரியாதவர். அது நிம்மதியாக இருக்கிறது.

என் சத்தியத்தைப் பற்றி மௌலவியிடம் போய்க் கேட்டேன். "ரெத்த ஒறவ வெட்டுற சத்தியத்தில நிக்கக் கூடாது மகள். முறிச்சிருங்க. பத்து ஏழைகளுக்கு அரிசி குடுத்தா சத்தியத்த முறிச்ச குத்தத்துக்குக் கப்பாறா முடிஞ்சிரும். புறகு தம்பியோட நல்லாக் கதைக்கலாம்" என்றார். "கதைக்கிறத்துக்கு அது சரி ஹஸ்ரத். அவன் சொல்றத நம்புறத்துக்கு என்ன குடுக்கணும்?" என்று கேட்டேன். "அதுக்கு மார்க்கத்தில தீர்ப்பு ஒண்டும் என்னட்ட இல்ல, மகள்" என்றார்.

வீட்டுக்கு வந்து அரிசியை அளந்து பத்துப் பையில் கட்டினேன். நீ கட்டிய குசினியில், சுவரோரம் வரிசையாக வைத்திருக்கிறேன். இன்றைக்கு ஆறு நாள். இன்னும் ஒருவருக்கும் கொடுக்கவில்லை.

ராத்தா